மாதிரிக் கழிப்பறையின் சாவி

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "டாய்லெட் எங்க இருக்கு?" அரசு அலுவலகம், கல்யாண மண்டபம், புதிதாகத் திறந்த நகைக்கடை, எதுவாக இருந்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். அவருக்கு அவசரம் ஒன்றும் இருக்காது. போய்ப் பார்ப்பார். தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, பையை மாட்ட ஒரு கொக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து அப்புறம்தான் நாற்காலியில் உட்காருவார். அதற்குள் அந்தக் கட்டடத்தைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் வந்திருக்கும். பிறகு அதை யாராலும் மாற்ற முடியாது.

"முன்வாசலப் பாத்து ஏமாறாத, மக்ளே. அது போட்டோ புடிக்கதுக்கு வச்சது" என்று என்னிடம் சொல்வார்.

அவர் ஓர் ஆர்க்கிடெக்ட். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். படிப்பு, கல்யாணம், வேலை எல்லாம் திருவனந்தபுரம். நான் பழகிய காலத்தில் ஐம்பதைத் தாண்டியிருந்தார். பருத்திப் புடவையும் காலில் சைட்டுக்குப் போடுகிற கனத்த ஷூவுமாக, பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்படிதான் நடப்பார். பைபாஸ் ஓரத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய அலுவலகக் கோபுரத்துக்கு வரைபடம் போட்ட நிறுவனத்தின் சார்பில் அவர்தான் பொறுப்பு. அதே கட்டடத்தில் குழாய் வேலை எடுத்திருந்த கம்பெனியில் நான் இன்ஜினியர். அவர் முதுகுக்குப் பின்னால் சைட்டில் எல்லோரும் சொன்ன பெயர் ‘கக்கூஸ் மேடம்’. அது அவருக்கும் தெரியும்.

"பேரு வச்சவனும் அங்கதான போறான்" என்பதோடு விட்டுவிடுவார்.

உண்மையில் நான் அவரை அதற்கு வெகுகாலம் முன்பே பார்த்திருக்கிறேன். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் என் அப்பாவுக்குச் சானிட்டரி சாமான் கடை. நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் ஓர் அம்மாள் வந்து, கடையின் முகப்பில் விற்பனைக்கு வைத்திருந்த வெள்ளைப் பீங்கான் கிளாசெட்டின் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்தேவிட்டார். தெருவே பார்க்கிறது. எதிர்க்கடை அரிசி வியாபாரி எழுந்து நின்று பார்க்கிறார். அந்த அம்மாள் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்து, "உயரம் கூடுதல் அண்ணாச்சி. குள்ளமான பொம்பளைங்க கால் அந்தரத்துல தொங்கும். வேற காட்டுங்க" என்றார். கடையில் இருந்த அத்தனை கிளாசெட்டிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அவர் போனபின் அப்பா, "கிறுக்கு போல" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா அவ சொன்னது சரிதான்" என்றும் சொன்னார்.

அவரோடு வெளியே சாப்பிடப் போவது பெரிய சங்கடம். ஒருமுறை வித்துராவைத் தாண்டிப் பொன்முடிப் பாதையில் ஒரு ஹோட்டலில் வண்டியை நிறுத்தினோம். தோசை மேஜைக்கு வந்துவிட்டது. இவர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு நேரே கல்லாவுக்குப் போனார். பெண்கள் கழிப்பறையில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கியிருக்கிறதாம். மூட்டையை வெளியே எடுக்கும்வரை சாப்பிட மாட்டேன் என்று நின்றார். கல்லாக்காரர் கெஞ்சுகிறார், மற்ற மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், என் தோசை ஆறுகிறது. எனக்கு மேஜைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. கடைசியில் மூட்டைகள் வெளியே வந்தன. இப்படிக் கேட்பதற்கு ஏதாவது பழைய காரணம் இருக்க வேண்டும் என்று நினைத்து, திரும்பும் வழியில் மெல்லக் கேட்டேன்.

"காரணம் இருந்தாத்தான் கேக்கணுமா? நீ போறதில்லியா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். அதற்குப்பின் நான் கேட்டதில்லை.

கோபுரத்தின் வரைபடக் கூட்டங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. கண்ணாடிச் சுவர் என்ன நீலத்தில் இருக்க வேண்டும் என்று முழுநாள் பேசுவார்கள். லிஃப்ட் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும், வரவேற்புக் கூடத்தில் என்ன வாசனை வீச வேண்டும் என்றெல்லாம் பேசுவார்கள். ஒரு நாள் முதலாளியின் கணக்குப் பிரிவுக்காரர்கள், ஒவ்வொரு மாடியிலும் பெண்கள் கழிப்பறையில் பாதியை எடுத்துவிட்டு அங்கே தனியாக நின்று போன் பேசுவதற்குக் கண்ணாடிக் கூண்டுகள் வைக்கலாம் என்று வந்தார்கள். இடம் வாங்க வருகிற கம்பெனிகளில் பெண்கள் குறைவுதானே என்று காரணம் சொன்னார்கள்.

"நீங்க இப்பிடி வச்சா குறைவாத்தான் இருப்பாங்க" என்றார் இவர். அவர்கள் கேட்பதாக இல்லை.

அன்றைக்கு இவரே எழுந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஊற்றினார். இவ்வளவு மரியாதையாக ஒரு நாளும் அவரைப் பார்த்ததில்லையே என்று நானே வியந்தேன். ஏசி வேறு நடுங்க வைத்தது. ஒருவர் எழப் போனார். "இந்த ஒரு பாயின்ட் முடியட்டும் சார்" என்று உட்கார வைத்தார். சர்க்கரை நோய் உள்ள ஒருவரை மட்டும், "நீங்க போயிட்டு வாங்க" என்று அனுப்பினார். மற்றவர்கள் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நெளிந்தார்கள்.

"என்ன சார், ஒரு மணிக்கூர்கூட ஆகல்ல. இதுக்குள்ள கஷ்டமாயிட்டா? பொம்பளைங்க வரிசையில நிக்கும்போ இப்பிடித்தான் இருக்கும்" என்றார். கண்ணாடிக் கூண்டு யோசனை அத்தோடு செத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர்கள் ஓடிய ஓட்டம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

வரைபடத்தில் ஜெயித்துவிட்டார். கட்டடம் எழும்பத் தொடங்கியபோதுதான் எங்கள் இருவர் முகத்திலும் அறை விழுந்தது.

கான்கிரீட் போட்டபின் அது சட்டென்று காய்ந்து வெடிக்காமல் இருக்க, நாள் கணக்கில் தண்ணீர் விட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த மூன்று பெண்கள் இருந்தார்கள். பக்கத்தில் கழக்கூட்டம் என்ற ஊரில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார்கள். மூத்தவள் இசக்கியம்மா, நாற்பது வயதிருக்கும். இளையவள் செல்வி. நடுவில் ஒருத்தி, அதிகம் பேச மாட்டாள். பதினேழாம் மாடித் தளம் போட்ட சமயம் இவரும் நானும் மேலே போனோம். உச்சி வெயில். இசக்கியம்மா கையிலிருந்த ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மேல ஒண்ணும் கெடையாது மேடம்" என்றாள் இசக்கியம்மா.

"அப்போ எங்க போவீங்க?"

"போறதில்ல. காலையில ரூம்ல போறதோட சரி. பொறவு சாயந்தரம் திரும்பிப் போயித்தான்."

"கீழ இருக்குல்லா?"

"கீழ போவணும்னா லிப்ட்டு வரணும். அது சாமான் ஏத்தத்தான் ஓடுது. போயிட்டு வாறதுக்குள்ள மேஸ்திரி ஏசுவாரு. அங்கயும் ஒரு கதவுக்கும் தாப்பாள் கெடையாது. ஆம்பளையாளுவ அந்தால சுவரு ஓரமா ஒதுங்கிக்கிடுதாவ. நாங்க என்ன செய்ய?"

"பகல் பூரா எப்பிடி முடியும்?"

"தண்ணி குடிக்காம இருந்தா முடியும்லா" என்றாள் இசக்கியம்மா. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். செல்வி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் போன மாதம் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள் என்று அப்புறம் தெரிந்தது. மறுபடியும் வந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும், நிறையத் தண்ணீர் குடி என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டார்.

சிமென்ட் வறண்டுவிடக் கூடாதாம், அதற்கு நாள் முழுவதும் தண்ணீர். ஊற்றுகிறவள் தொண்டையில் ஒரு வாய் இறங்கக் கூடாது.

கழிப்பறை வைப்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. கழிவுக்குழாய்கள் ஏற்கெனவே மேலே வரை ஏறியிருந்தன. ஒரு தகரக் கூண்டு, ஒரு கிளாசெட், ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. நானே படம் போட்டுக் கொடுத்தேன். இவர் அதைப் புராஜெக்ட் மேனேஜரின் மேஜையில் வைத்தார். அவர் மலையாளி, எங்களோடு பேசும்போது தமிழும் கலந்து பேசுவார். மற்ற விஷயங்களில் நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மேடம், கிரவுண்டில் டாய்லெட் உண்டல்லோ. மேலே வச்சால் மணம் வரும். டைரக்டர்ஸ் வரும்போள் நாணக்கேடு" என்றார். மலையாளத்தில் நாற்றமும் மணம்தான்.

"மணம் வாறது நாணக்கேடு. பொம்பளைங்க அடக்கிட்டு நிக்கது நாணக்கேடு இல்ல. அப்பிடித்தானே சார்?"

"அடுத்த மீட்டிங்கில் பேசலாம்."

அடுத்த கூட்டத்திலும் பேசவில்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் இல்லை. கண்ணாடியின் நீலம் இன்னும் முடிவாகாமல் இருந்ததே.

இந்த மாதிரிப் பெரிய கட்டடங்களில் ஒரு பழக்கம் உண்டு. எல்லா மாடியும் முடிவதற்கு முன், ஏதாவது ஒரு மாடியில் ஒரு பகுதியை மட்டும் முழுதாக முடித்து வைப்பார்கள். முதலாளி வந்து பார்த்து, கல் பிடித்திருக்கிறது, குழாய் பிடித்திருக்கிறது என்று தலையாட்டினால் மற்ற மாடிகளுக்கும் அதே சாமான் வாங்குவார்கள். எங்கள் கோபுரத்தில் பத்தாம் மாடியில் பெண்கள் கழிப்பறை ஒன்றை அப்படி மாதிரியாகச் செய்து வைத்திருந்தோம். இத்தாலிப் பளிங்கு, கையை நீட்டினால் தானே தண்ணீர் விடும் குழாய், விளிம்பில் விளக்கு எரியும் கண்ணாடி. முதலாளி ஒருவேளை அழுத்திப் பார்ப்பார் என்பதற்காக நிஜமாகவே தண்ணீர் இணைப்பும் கொடுத்திருந்தேன். மேல்மாடிகள் மொத்தத்திலும் வேலை செய்த கழிப்பறை அது ஒன்றுதான், அதில்தான் யாரும் போகக் கூடாது. பூட்டு போட்டிருந்தது. ஒரு சாவி மேனேஜரிடம், இன்னொன்று ஆர்க்கிடெக்ட் என்ற முறையில் இவரிடம்.

இவர் தன் சாவியைக் கொண்டுபோய் இசக்கியம்மாவின் கையில் வைத்தார். பதினேழிலிருந்து பத்துக்குப் படியில் இறங்கிவிடலாம், லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

"இது உங்களுக்கு ஒரு வேலையாக்கும். போயிட்டு வந்து எப்பிடி இருக்குன்னு சொல்லணும்" என்றார்.

இசக்கியம்மா போய்விட்டு வந்து சொன்னாள்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். கையக் காட்டுனா தண்ணி வருது. யாரோ உள்ள இருந்துகிட்டு நம்மளையே பாக்க மாதி இருக்கு."

இவர் அன்று சிரித்தது போல் சிரித்து நான் பார்த்ததில்லை. சில வாரங்கள் நன்றாகவே போயின. மூவரும் மாற்றி மாற்றிப் போய், போனபின் தரையைத் துடைத்துவிட்டும் வந்தார்கள். செல்வி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள்.

முதலாளி சாயங்காலம் வருவதாக இருந்த ஒரு நாள், மதியமே வந்துவிட்டார். கூடவே அவருடைய மனைவி, டைரக்டர்கள் சிலர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேனேஜர். பின்னால் இவரும் நானும். மேனேஜர் சாவியைப் போட்டுத் திருப்பினார். கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. கதவைத் தட்டக் கை ஓங்கினார். இவர் குறுக்கே போய்க் கதவை மறைத்து நின்றார்.

"தட்டாதீங்க சார். உள்ள ஆளு உண்டு."

"ஆரு?"

"பதினேழாம் மாடியில வேல செய்யுற அம்மா."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், முதலாளி வெயிட் செய்யுன்னு."

"செய்யட்டும். டாய்லெட்டுக்கு வெளிய எல்லாரும் வெயிட் செய்யத்தான் வேணும்."

அத்தனை பேரும் நின்றோம். முதலாளி போனைப் பார்த்தார். அவர் மனைவி தரையைப் பார்த்தார். கோட்டுப் போட்ட ஒருவர் தொண்டையைச் செருமினார். உள்ளே தண்ணீர் போகும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்து இசக்கியம்மா வெளியே வந்தாள். எதிரே வரிசையாக நின்றவர்களைப் பார்த்ததும் அப்படியே உறைந்துவிட்டாள். காலில் சிமென்ட் ஈரம். பளிங்கில் அவள் நடந்த தடம்.

"முடிஞ்சிட்டா? சரி, நீங்க போங்கம்மா" என்றார் இவர், தன் வீட்டு வாசலில் நின்று சொல்வது போல. அவள் படியில் ஏறி மறையும்வரை பொறுத்திருந்து, முதலாளியிடம் திரும்பினார். "உள்ள போயிப் பாருங்க சார். எல்லாம் நல்லா வேல செய்யுது. இப்பத்தான் டெஸ்ட் பண்ணியிருக்கு."

முதலாளி உள்ளே போகவில்லை. நேரே லிஃப்டை நோக்கித் திரும்பினார். லிஃப்டுக்குள் கதவு மூடும்போது மேனேஜரிடம் மட்டும் ஏதோ சொன்னார்.

மறுநாள் இரண்டு உத்தரவுகள் வந்தன. இவர் இனிமேல் சைட்டுக்குள் வரத் தேவையில்லை என்பது ஒன்று. இன்னொன்று எங்கள் கம்பெனிக்கு: மாதிரிக் கழிப்பறையை முழுக்க உடைத்து, கல், கிளாசெட், தொட்டி எல்லாவற்றையும் புதிதாக மாற்ற வேண்டும்.

நான் மேனேஜரிடம் நேரே போய்க் கேட்டேன். "எதுக்கு சார் உடைக்கணும்? அதுல ஒரு கீறல்கூட இல்ல. கழுவினாப் போதாதா?"

"நீ சின்னக் குட்டி. உனக்கு மனசிலாகில்லா" என்றார்.

எனக்கு நன்றாகவே மனசிலாயிற்று. முதலாளியும் டைரக்டர்களும் போகப் போவதில்லாத ஒரு கழிப்பறையில், இசக்கியம்மா போய்விட்டாள் என்பதுதான் விஷயம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அத்தனை படித்தவர்களுக்கும் புரிந்தது பாருங்கள், அதுதான் என்னை இன்றுவரை எரிக்கிறது. தகரக் கூண்டு ஒன்றுக்கு இடமில்லை, மணம் வரும், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம். பளிங்கை உடைக்க மட்டும் கூட்டம் தேவைப்படவில்லை. உளிச்சத்தம் மேல்மாடிவரை கேட்டது. இசக்கியம்மா குழாயைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் அவருக்குப் போன் செய்தேன். தன் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

"உடைச்சாச்சா?"

"ஆச்சு மேடம்."

"அந்த மூணு பேரு?"

"பழையபடிதான். செல்வி இன்னைக்கு ஒண்ணும் குடிக்கல்ல."

"சவத்துப் பயலுவ" என்றார். பிறகு, "நாளைக்கு உச்சைக்குச் சாப்பாட்டு நேரத்துல அவங்களக் கேட்டுக்கு வெளிய கூட்டிட்டு வா. வெளிய நிக்கதுக்கு எனக்கு ஆரும் உத்தரவு தரவேண்டாம்."

கேட்டுக்கு வெளியே, சாலையைப் பார்த்தாற்போல் கோபுரத்தின் விற்பனை அலுவலகம் இருந்தது. முழுக்கக் கண்ணாடி. நடுவில் கோபுரத்தின் சின்ன உருவம், சுற்றிலும் சோபா, காலடியில் கம்பளம். இடம் வாங்க வருகிற பெரிய மனிதர்களுக்கானது. இவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மூன்று பெண்களையும் முன்னால் விட்டு உள்ளே நுழைந்தார். நான் கடைசியில். வரவேற்பில் இருந்த மலையாளிப் பெண் இவரைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்து நின்றாள். அப்புறம் மற்றவர்களின் கால்களைப் பார்த்தாள்.

"மேடம், இவரெல்லாம்?"

"எங்கூட வந்தவங்க. ஆபீஸ் இடம் பாக்க வந்திருக்கோம்."

"ஆர்க்கா மேடம்?"

"இவங்களுக்குத்தான். பதினேழாம் மாடி. அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச மாடியாக்கும்."

அந்தப் பெண் விற்பனை மேலாளர் அறையின் மூடிய கதவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு செல்வியின் முகத்தைப் பார்த்தாள். என்ன புரிந்துகொண்டாளோ, "லேடீஸ் இடதுவசம்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக் கையைக் காட்டினாள். செல்வி கிட்டத்தட்ட ஓடினாள். மற்ற இருவரும் அவளுக்குப் பின்னால் போய் வந்தார்கள்.

இவர் அவர்களைச் சோபாவில் உட்காரச் சொன்னார். நுனியில் உட்கார்ந்தார்கள். கம்பளத்தில் சிமென்ட் பொடி உதிர்ந்தது. இவ்வளவு பெரிய கோபுரத்துக்கு வரைபடம் போட்டவர், மூன்று பெண்கள் ஒன்றுக்குப் போவதற்காக வாங்க வந்தவர் வேஷம் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். அவரோ, கொடுத்த விளம்பரப் புத்தகத்தை அக்கறையாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது அந்த அலுவலகத்து வழக்கம். அந்தப் பெண் தட்டில் கண்ணாடித் தம்ளர்களை வைத்துக்கொண்டு வந்து நீட்டினாள். மூவரும் கையை நீட்டவில்லை. பகலில் எடுக்கக் கூடாது என்று கைக்குப் பழகிவிட்டிருந்தது.

"குடிங்க" என்றார் இவர். "நாளைக்கும் வருவோம். இங்க வேல முடியுற வரைக்கும் உச்சைக்கு நான் வருவேன்."

இசக்கியம்மா ஒரு தம்ளரை எடுத்து, வாயிலிருந்து எடுக்காமல் முழுக்கக் குடித்தாள். தட்டில் திருப்பி வைத்தாள். பிறகு அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்து, "இன்னொண்ணு கெடைக்குமா, தாயி?" என்று கேட்டாள்.